"ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்": பிரேக்கில் இந்தப் பேச்சை ஏற்காதீர்கள்

பழைய காருக்கு பிரேக் வேலை பார்த்து வண்டியை எடுக்கிறீர்கள். பெடல் முன்பைவிட ஆழமாகப் போகிறது, மிதித்தால் பஞ்சு போல அமுங்குகிறது. கேட்டால் பல ஒர்க்‌ஷாப்புகளில் வருவது ஒரே பதில்: "புது சாமான் சார், ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்."

இந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். புதுப் பிரேக் பேடு டிஸ்க்கோடு உரசிப் படியச் சில நூறு கிலோமீட்டர் பிடிக்கும். அதுவரை பிடிப்பு சற்றுக் குறைவாகத் தெரியலாம். ஆனால் பஞ்சாக அமுங்கும் பெடல் ஓட ஓடக் கெட்டியாகாது. பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். லைனுக்குள் காற்று இருக்கும்வரை உங்கள் கால் கொடுக்கும் விசை சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகும். அப்படி இருந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்றே பொருள்.

சாமான் மாற்றியபின் வரும் கோளாறுகளில் மெக்கானிக்கையே ஏமாற்றுவது ஒன்று உண்டு: காலிபரை இடம் வலமாக மாற்றிப் பூட்டிவிடுவது. பல மாடல்களில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் சரியாகவே பொருந்தும். ஆனால் காற்றை வெளியேற்றும் நிப்பிள் காலிபரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் அது கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கிவிட, நிப்பிளைத் திறந்தால் குமிழே இல்லாமல் ஆயில் மட்டும் வரும். "ஏர் பூரா எடுத்தாச்சு" என்று மெக்கானிக் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, டார்ச் அடித்து நிப்பிள் மேலே நிற்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். இதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று மாஸ்டர் சிலிண்டர். அதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். பின் சக்கர வீல் சிலிண்டரை மட்டும் மாற்றியிருப்பார்கள். அன்றாட ஓட்டத்தில் பெடல் பாதி தூரம்தான் போகும். அதற்கு அப்பால் சிலிண்டரின் உட்சுவரில் பல வருடத் துருவும் கசடும் சேர்ந்திருக்கும். காற்றெடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், உள்ளே இருக்கும் ரப்பர் அந்தச் சொரசொரப்பில் தேய்ந்து கிழிகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் இன்று போய்விடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. பெடலை ஒரே அழுத்தமாக மிதித்து வைத்திருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் உள்ரப்பர் விட்டுவிட்டது. அப்படிப்பட்ட வண்டியை ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மிதிக்கும் இரண்டாம் மிதியில் மேலே கெட்டியாக நின்றால் பெரும்பாலும் பின் ட்ரம்மில் ஷூ அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டிருப்பார்கள். மேலே வந்தும் துள்ளினால் காற்று. ஒரு சக்கரம் மட்டும் சூடாகி வாடை அடித்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ காலிபர் பிஸ்டன் இறுகியிருக்கலாம். பழைய ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கவும் கூடும்.

பிரேக் ஆயிலையும் விட்டுவிடக் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச அளவு புதிதில் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140 டிகிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் பழைய ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் மறுப்பே இல்லாமல் தரைக்குப் போகும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுவது அதைவிட மோசம். ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிவிடும், மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும்.

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சாமான் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளுக்குப் போவதில் தவறில்லை. கதவும் லைட்டும் அங்கே வாங்கலாம். கழற்றிய மாஸ்டர் சிலிண்டரையும் ஹோஸையும் மட்டும் வாங்காதீர்கள். ரப்பரின் வயது வெளியே தெரியாது. கம்பெனி பெயர் அச்சிட்ட டூப்ளிகேட்டும் சந்தையில் உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வேலை கொடுக்கும்போதே பில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சாமானின் பெயர், பார்ட் நம்பர், விலை, கூலி தனித்தனியாக இருக்கட்டும். பெட்டியையும் கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லில் அச்சடித்துவிட்டு இந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது. போலிப் பொருள் விற்று அதனால் உயிர் போனால், அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரையும் போகலாம்.

கடைக்காரர் கைவிரித்தால் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சொந்தமாகக் கார் ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸிக்காரரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். "வாடகை வண்டிக்குச் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் பக்கத்துப் பொறுப்பும் உண்டு. கோளாறு தெரிந்தே, அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய கோளாறோடு, பொது இடத்தில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு உங்கள்மீது பாயும். அதனால் யாராவது காயப்பட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "மெக்கானிக் ஓட்டச் சொன்னார்" என்பது அங்கே உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே வண்டியை அங்கேயே சோதியுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பலமுறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் சற்று இறங்கி நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போகக் கூடாது. பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாவியை அங்கேயே கொடுத்துவிட்டு பஸ்ஸில் போங்கள். வேறு இடத்தில் சரிசெய்ய நேர்ந்தால், பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொண்டு, கழற்றிய சாமானைப் பத்திரமாக வையுங்கள். குறையைச் சோதிக்கப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அனுப்ப அந்தப் பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.