தடை நீங்கிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி கவிதைக்கு எவ்வளவு அஞ்சியது என்பதற்குக் கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் ஒருவர் போதும். வெள்ளையர் மட்டுமே ஆடும் அணிகளை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப் போராடிய பள்ளி ஆசிரியர் அவர். 1963இல் காவலிலிருந்து தப்பி ஓடியபோது ஜோகன்னஸ்பர்க் தெருவில் முதுகில் சுடப்பட்டார். பிழைத்தெழுந்து ராபன் தீவுச் சிறையில் கல் உடைத்தார். 1965இல் வெளியே வந்தவரை அரசு வீட்டுக்காவலில் வைத்தது. அச்சேறும்படி எதையும் எழுதக் கூடாது என்றது. அவர் தம் சகோதரரின் மனைவி மார்த்தாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். கடிதத்துக்குத் தடை இல்லையே! சிறையில் பட்டதெல்லாம் அந்தக் கடிதங்களில் கவிதையாக இறங்கியது. 1968இல் லண்டனில் நூலாயிற்று.

பத்தாண்டு கழித்து, 1978இல், ராவன் பதிப்பகம் 'ஸ்டாஃப்ரைடர்' இதழைத் தொடங்கியது. முதல் இதழே தடை செய்யப்பட்டது. ஆனாலும் சொவெட்டோ போன்ற கறுப்பினக் குடியிருப்புகளின் எழுத்துக் குழுக்கள் தங்கள் படைப்புகளைத் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பின. அச்சான இதழைத் தாங்களே சுமந்து போய் விற்றன. எண்பதுகளில் கவிஞர் ம்ஸ்வாக்கே ம்புலி போராளிகளின் இறுதி ஊர்வலங்களில் நின்று கவிதை முழங்கினார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்தக் கால இலக்கியத்தின் ஆகப் பெரிய பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நிறவெறி ஆட்சி முடிந்துவிட்ட இன்று தணிக்கை வாரியம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. 2015இல் மாணவர்கள் போராடி கேப் டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து காலனியாதிக்கவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்ற வைத்தார்கள். அந்தத் தலைமுறையின் குரலாகக் கொலெக்கா புட்டுமாவின் கவிதைத் தொகுப்பு 2017இல் வந்தது. பல்கலைக்கழக வகுப்புகளில் பாடமும் ஆனது. நிலம், தேவாலயம், கறுப்பினப் பெண்ணின் உடல் என்று, விடுதலை தொடாமல் விட்ட இடங்களையெல்லாம் அவர் தொடுகிறார்.

ஆனால் 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்புத் திறன் ஆய்வு, தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க இயலாதவர்கள் என்று கண்டது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகம் கிடையாது. புத்தகத்துக்கு மதிப்புக் கூட்டு வரி வேறு. அந்த வரியை நீக்கச் சொல்லி எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடுதலை பெற்ற நாட்டின் அரசுகள் இதுவரை இணங்கவில்லை.