பரிசுக்கு வரி இல்லை; வரி கேட்டால் அது மோசடி

நாலு நம்பரில் பரிசு விழுந்தால் வருமான வரி கட்ட வேண்டுமா? கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்து ஒட்டுக்கடைப் பேச்சில் இது பழைய கேள்வி. தோட்டப்புறத்துக்குக் கைப்பேசி வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வரப்போகும் நம்பரையும், ஸ்லாட் எப்போது ‘கொடுக்கும்’ என்பதையும் முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் விற்கிறார்களே, அது உண்மையா? இரண்டுக்கும் விடை ‘இல்லை’தான். இரண்டையும் தெரியாதவர்களைக் குறிவைத்துத்தான் மோசடிக்காரர்கள் வலை விரிக்கிறார்கள்.

சம்பளம் வேறு, அதிர்ஷ்டம் வேறு

மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வியாபார லாபம், சம்பளம், வட்டி, வாடகை, ஓய்வூதியம் என்று வருமானத்தை வகை பிரித்து வைத்திருக்கிறது. குலுக்கலில் விழுந்த காசு இவற்றில் எதிலும் அடங்காது. ஆகவே மேக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ, டா மா சாய் பரிசுகளுக்கும், கெந்திங் மலையில் ஜெயித்த பணத்துக்கும் தனிமனிதர் வருமான வரி கட்டுவதில்லை. பெரிய தொகை விழுந்தால் மட்டும் அதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டச் சம்பளக்காரர் திடீரென்று ரொக்கத்துக்கு வீடோ காரோ வாங்கினால், பணம் வந்த வழியை உள்நாட்டு வருமான வரி வாரியம் கேட்கலாம். அப்போது கையில் காட்ட ஒரு தாள் வேண்டும்.

சூதாட்டமே பிழைப்பாக இருந்தால்? நம் வரிச் சட்டத்தின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டியே காலம் தள்ளிய கிரஹாம் என்பவரின் வழக்கில், அது ஒரு தொழில் ஆகாது, எனவே வரி இல்லை என்று 1925-இல் அங்கே தீர்ப்பானது. ஆனால் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் வரும்படி தொழில் வருமானமே என்று 1886-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இந்தக் கோட்டில் பார்த்தால் நம்பர் கட்டுகிறவர் வேறு, உரிமம் இல்லாமல் கமிஷனுக்கு நம்பர் எழுதுகிற ஏஜென்ட் வேறு. ஏஜென்டுடைய கமிஷன் ஒழுங்காக வரும் வருமானம். தொழில் சட்டவிரோதம் என்பதற்காக வரியிலிருந்து தப்பிவிட முடியாது. வரி கட்டியதால் தொழில் சட்டபூர்வமாகிவிடவும் செய்யாது.

அப்படியானால் வரி கட்டுவது யார்?

ஜெயித்தவர் கட்டாத வரியை எல்லாருமாகச் சேர்ந்து முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். நாலு நம்பரில் ‘பிக்’ வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து, தலா 180. ஆறுதல் பரிசு பத்து, தலா 60. இருப்பதோ 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒருவர் பத்தாயிரத்தின் மீதும் தலா ஒரு வெள்ளி கட்டி, எல்லாப் பரிசையும் அவரே வாங்கினாலும் திரும்பி வருவது 6,400 வெள்ளி. ‘ஸ்மால்’ வகையில் 6,500. அதாவது கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் ஏறக்குறைய 36 காசு முதலிலேயே போய்விடுகிறது. அரசாங்கத்துக்கான வரி, கடைக்காரர் கமிஷன், நிறுவனத்தின் செலவு, லாபம் எல்லாம் அதற்குள்தான். கனவில் வந்த எண், விபத்தான காரின் எண், சாமி சொன்ன எண் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

1971-இல் திறந்த கெந்திங் கேசினோதான் நாட்டில் உரிமம் பெற்ற ஒரே கேசினோ. 2019 வரவு செலவுத் திட்டத்தில் அதன் ஆண்டு உரிமக் கட்டணம் 12 கோடி வெள்ளியிலிருந்து 15 கோடியாகவும், மொத்த வசூல் மீதான வரி 35 விழுக்காடு வரையிலும் உயர்த்தப்பட்டன. நிறுவனம் கட்டினாலும் அந்தப் பணம் மேசையில் தோற்றவர்களுடையது.

இந்தியா நேர் எதிர் வழியில் போனது. இணைய விளையாட்டில் ஜெயித்த நிகரத் தொகையில் 30 விழுக்காட்டை நிறுவனமே பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கட்டும் பணத்தின் மீது 28 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

மென்பொருளால் எது முடியும்?

போக்கருக்கு மென்பொருள் இருப்பது உண்மை. காரணம், அங்கே எதிரில் இருப்பது மனிதன். போக்கர் டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்றவை நீங்கள் ஆடிய ஆட்டங்களைச் சேமித்து வைக்கும். எதிராளி எத்தனை தடவை காசு வைத்து உள்ளே வருகிறார், மிரட்டினால் எத்தனை தடவை சீட்டைப் போட்டுவிடுகிறார் என்று கணக்கெடுத்துத் திரையில் காட்டும். பயோ சால்வர் போன்றவை ஒரு கட்டத்தில் எப்படி ஆடினால் நட்டம் குறையும் என்று கணக்கிட்டுத் தரும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல் 2017-இல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. 2019-இல் வந்த புளூரிபஸ் ஆறு பேர் உட்காரும் மேசையிலேயே ஜெயித்தது.

இதில் சாதாரண ஆட்டக்காரருக்கு லாபம் இருக்கிறதா? போக்கரில் ஒருவர் ஜெயிப்பது இன்னொருவர் தோற்றது. நடுவில் தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாரிடமும் ஒரே கருவி இருந்தால் யாருக்கும் கூடுதல் பலம் இல்லை, தளத்தின் பங்கு மட்டும் நிச்சயம். ஆடும்போதே வழி சொல்லும் மென்பொருளைப் பெரிய தளங்கள் தடை செய்து, பிடிபட்டவரின் கணக்கை முடக்குகின்றன.

நாலு நம்பரிலும் ஸ்லாட்டிலும் எதிராளியே இல்லை. போன குலுக்கலுக்கும் அடுத்த குலுக்கலுக்கும் தொடர்பு இல்லாததால், பழைய முடிவுகளை எத்தனை ஆண்டுக்கு அலசினாலும் அதில் படிக்க ஒன்றும் கிடையாது. மெகா888, 918கிஸ் போன்ற ஸ்லாட் செயலிகளுக்கென்று விற்கும் ‘ஸ்கேனர்’களால் ஜெயிக்க முடியுமானால், அதை வைத்திருப்பவர் முப்பது வெள்ளிக்கு உங்களிடம் விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

இணையத்தில் ஜெயித்தால்?

1953-ஆம் ஆண்டு பொது சூதாட்ட விடுதிச் சட்டமும் அதே ஆண்டின் பந்தயச் சட்டமும் இணையம் பிறப்பதற்கு முன் எழுதப்பட்டவை. இன்றும் போலீஸ் அவற்றைக் கொண்டே நடவடிக்கை எடுக்கிறது. சூதாட்ட விடுதியில் ஆடிப் பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. உரிமம் இல்லாத தளம் நீங்கள் ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் நீதிமன்றத்தில் கேட்க வழியில்லை.

மோசடி நுழைவது இந்த ஓட்டையில்தான். திரையில் பெரிய தொகை காட்டுவார்கள். எடுக்கப் போனால், “முதலில் வரி கட்டுங்கள், பிறகு முழுப் பணமும் வரும்” என்பார்கள். கட்டினால் அடுத்து ‘கணக்கைத் திறக்கும் கட்டணம்’ என்று இன்னொன்று. கையில் பணம் இல்லாதவர் ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் போகிறார். திரையில் தெரிந்த பணம் வருவதில்லை, கடன் மட்டும் வீட்டு வாசலுக்கு வருகிறது. தன் ஏடிஎம் கார்டை இந்தக் கும்பலுக்கு மாதவாடகைக்குக் கொடுத்த இளைஞருக்கு இன்னொரு ஆபத்து. சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் அவர் பெயரில் ஓடும்போது போலீஸ் முதலில் தேடி வருவது அவரைத்தான்.

ஆகவே, பரிசுப் பணத்துக்கு வரி கட்டச் சொல்லி யாராவது கேட்டால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். யாருக்காவது பணம் அனுப்பும் முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சரிபாருங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய மோசடி உதவி மையத்தின் 997 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.