கடை அடைத்த பின் ஒரு வகுப்பு
இலவச நேரலைப் புகைப்பட வகுப்புகள் நம் வணிகர்களுக்கு எவ்வாறு உதவும்?

வாடிக்கையாளர் கடைக்கு வந்து, சரக்கைத் தொட்டு, முகர்ந்து, இரண்டு மணியை வாயில் போட்டுப் பார்த்து வாங்கிய காலம் ஒன்று உண்டு. அந்த வாடிக்கையாளர் இன்றும் இருக்கிறார். ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது கைபேசியில் வரும் படத்தை. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. 2019 நவம்பரில் சரக்குப் பட்டியலைப் படத்தோடு வைக்கும் வசதி அதில் சேர்ந்தது. 2021 டிசம்பரில் மத்திய அரசின் ஆதரவோடு ஓ.என்.டி.சி. அமைப்பு பதிவாகி, சிறு கடைக்காரரும் இணையத்தில் விற்க வழி பிறந்தது.

வழி பிறந்தும் நாம் பின்தங்குவது எங்கே? படத்தில்தான். பெரிய நிறுவனங்கள் படம் எடுப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. நாமோ டியூப் லைட்டுக்கு அடியில், கல்லாவின் மேல் வைத்து, அவசரமாக ஒரு படம் எடுத்து அனுப்புகிறோம். முதல் தரமான மஞ்சள்தூள் பழுப்பாகத் தெரிகிறது. புது மிளகாய்வற்றல் பழைய சரக்கு போலத் தெரிகிறது. சரக்கு நல்லது, படம் கெட்டது என்பதை வாடிக்கையாளர் எப்படி அறிவார்? அடுத்த கடையைப் பார்த்துப் போய்விடுவார்.

இந்தக் குறையைப் போக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதுவே இணையத்தில் நேரலையாக நடக்கும் இலவசப் புகைப்பட வகுப்புகள். அவற்றை நடத்துபவர்களும் வணிகர்களே. ஆகவே, அவர்கள் கற்றுத் தருவதையும் பார்ப்போம்; அதை ஏன் சும்மா தருகிறார்கள் என்ற கணக்கையும் பார்ப்போம்.

அன்று ஒவ்வொரு பிழைக்கும் விலை

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படம். பிலிமுக்கு ஒரு விலை, கழுவ ஒரு விலை, பிரிண்ட் போட ஒரு விலை. தவறாக எடுத்த படத்துக்கும் அதே செலவு. அதுவும் சில நாள் கழித்துப் படம் கையில் வந்த பிறகே தவறு தெரியும். எனவே இந்தத் தொழிலைக் கற்க விரும்பியவர் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து, இருட்டறையில் எடுபிடியாக நின்று, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியிருந்தது.

1975-இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாமல் படம் பிடிக்கும் டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் உருவாக்கினார். பிலிம் விற்றுப் பிழைத்த கோடாக், தன் வீட்டில் பிறந்த அந்தக் குழந்தையை முன்னே விடத் தயங்கியது. 2012 ஜனவரியில் அதே கோடாக் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. ஓடுகிற சரக்கை நம்பி, வருகிற சரக்கை ஒதுக்கியவர் கதி இது என்பது எல்லா வணிகருக்கும் ஒரு பாடம்.

இன்று ஒரு படம் தவறினால் நட்டம் எதுவும் இல்லை. அழித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். பழகும் செலவு போய்விட்டது. மீதி இருந்தது ஆசிரியர் செலவு. அதையும் குறைத்தது நேரலை வகுப்பு.

சியாட்டில் நகரத்துச் சாம்பிள் வியாபாரம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2010-ஆம் ஆண்டு சேஸ் ஜார்விஸ் என்ற புகைப்படக் கலைஞரும் கிரெய்க் ஸ்வான்சன் என்பவரும் சேர்ந்து 'கிரியேட்டிவ்லைவ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தேர்ந்த புகைப்படக்காரர் ஒருவரை அழைத்து, ஸ்டுடியோவில் சிறு மாணவர் குழுவை எதிரில் உட்கார வைத்து, வகுப்பு நடத்துவார்கள். அது அப்படியே இணையத்தில் நேரலையாக ஓடும். உலகின் எந்த மூலையிலிருந்தும் பணம் கட்டாமல் பார்க்கலாம். எழுதி அனுப்பும் சந்தேகங்களை ஒருவர் படித்துச் சொல்ல, ஆசிரியர் அங்கேயே பதில் தருவார்.

அப்படியானால் வருமானம் எங்கிருந்து வந்தது? அந்த நேரத்தில் பார்த்தால் இலவசம். பின்னர் விரும்பியபோது திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் பதிவைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மொத்த வியாபாரி அரிசியைப் பொட்டலம் கட்டிச் சாம்பிள் கொடுப்பதைப் போலத்தான். சாம்பிளுக்குக் காசு இல்லை, மூட்டைக்கு உண்டு. பிடித்தவர் வாங்கினார்கள், நிறுவனம் வளர்ந்தது. 2021-இல் ஃபைவர் என்ற நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

சியாட்டிலில் காலை 9 மணி என்றால், அங்கே கோடைக்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் நமக்கு இரவு 9.30; மற்ற மாதங்களில் 10.30. நம்மில் பலர் ஷட்டரை இறக்கிவிட்டு, கல்லாவை எண்ணி முடிக்கும் நேரம் அது. அவர்களுடைய முதல் பாடம் நம்முடைய ஓய்வு நேரத்தில் விழுந்தது நமக்குக் கிடைத்த வசதியே.

கற்றுக் கொடுத்த ஒரு கடை

இன்னோர் உதாரணம் நமக்கு மேலும் நெருக்கமானது. காரணம், அது ஒரு கடை. நியூயார்க் நகரின் 'பி அண்ட் எச்' கேமராக் கடை 1973-இல் ஒரு சிறிய பிலிம் கடையாகத் தொடங்கியது. பிளிமி, ஹெர்மன் என்ற கணவன் மனைவியின் முதல் எழுத்துகளே கடையின் பெயர். யூதர்களான அவர்கள் ஓய்வு நாளை அத்தனை கண்டிப்பாகக் காப்பவர்கள். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை கடை மூடியிருக்கும். இணையத்திலும் அந்த நேரத்தில் ஆர்டர் எடுப்பதில்லை. அப்படியும் அமெரிக்காவின் பெயர் பெற்ற கேமராக் கடைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது.

அந்தக் கடையார் தங்கள் கட்டடத்திலேயே ஓர் அரங்கம் அமைத்து, புகைப்படக் கலைஞர்களை அழைத்து, இலவசமாக வகுப்புகள் நடத்தினார்கள். அவை இணையத்திலும் ஒளிபரப்பாயின. பலவற்றை யூடியூபில் இன்றும் காணலாம். கற்றவர் ஒருநாள் கேமரா வாங்குவார். வாங்கும்போது கற்றுத் தந்த கடையை நினைப்பார். இதில் மறைவு எதுவும் இல்லை. புது அரிசி ரகம் வந்தால், அதற்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் நம் கடைக்காரர் செய்வதும் இதுதானே?

நேரலையா, பதிவா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவாய், 2016-இல் கூகுள் நிறுவனத்தில் டிஜிட்டல் புகைப்படம் பற்றி 18 விரிவுரைகள் ஆற்றினார். அவற்றின் பதிவுகள் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. ஒளி, வில்லை, நிறம் எல்லாவற்றையும் அடிப்படையிலிருந்து சொல்லும் அருமையான பாடங்கள். அப்படிப் பதிவுகளே கிடைக்கும்போது நேரலை எதற்கு என்று கேட்கலாம்.

பதிவை எப்போதும் பார்க்கலாம் என்பதாலேயே பலர் அதைப் பார்ப்பதில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப் போட்ட கொள்முதல் கணக்கு எப்படி முடியும் என்பது நமக்குத் தெரியும். நேரலைக்கு நாளும் மணியும் உண்டு; அதற்குள் உட்கார வேண்டும். மேலும், ஆசிரியர் எடுக்கும் படம் முதல் தடவை சரியாக வராமல் போவதையும், விளக்கை நகர்த்தி அவர் சரிசெய்வதையும் கண்ணெதிரே காணலாம். வெட்டி ஒட்டிய பதிவில் அந்தத் தவறுகள் நீக்கப்பட்டிருக்கும். தொழில் கற்பவனுக்கு அந்தத் தவறுகள்தான் முக்கியமான பாடம். ஆகவே நேரலையில் கேட்டுப் புரிந்துகொண்டு, பதிவை வைத்துத் திரும்பப் பார்ப்பதே சிறந்த முறை.

மளிகைக்காரர் கற்க வேண்டியவை

இவ்வகுப்புகளில் சொல்வது அனைத்தும் நமக்குத் தேவையில்லை. உதாரணமாக, வில்லைத் துவாரத்தை மாற்றுவது பற்றி நெடுநேரம் பேசுவார்கள். பெரும்பாலான கைபேசிகளில் அந்தத் துவாரம் மாறாது. நமக்கு வேண்டியவை இவைதான்:

1. ஜன்னல் வெளிச்சம்: நேர் வெயில் விழாத ஜன்னல் அல்லது கடை வாசல் அருகே சரக்கை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையோ தெர்மோகோல் பலகையோ நிறுத்தினால் நிழல் மென்மையாகும்.

2. விளக்கைக் கலக்காதீர்கள்: பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், குண்டு பல்புக்கு வேறு நிறம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் கேமரா குழம்பும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் நிறம் மாறுவது இதனால்தான். படம் எடுக்கும்போது கடை விளக்கை அணைத்துவிடுங்கள்.

3. தூரம்: சிறு விளக்கிலிருந்து சரக்கு இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், விழும் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். இதை அறிந்தால் பல தொல்லைகள் தீரும்.

4. பளபளப்பு: பிளாஸ்டிக் உறையிலும் எண்ணெய் பாட்டிலிலும் வெள்ளைத் திட்டு விழுவது, வெளிச்சம் வந்த கோணத்திலேயே திரும்பிக் கேமராவுக்குள் போவதால். பொருளைச் சற்றுத் திருப்பினால் போதும்.

5. நெருங்காதீர்கள்: கைபேசியை மிக அருகில் கொண்டுபோனால் டப்பாவின் முன்பக்கம் பெருத்துத் தெரியும். ஓர் அடி பின்வாங்கி, 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். அதற்கு முன் வில்லையை ஒரு சுத்தமான துணியால் துடையுங்கள்.

6. அளவு தெரியட்டும்: முந்திரிப் பருப்பில் 240 ரகத்தையும் 320 ரகத்தையும் தனித்தனியே எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு பவுண்டுக்கு இத்தனை பருப்பு என்பதே அந்த எண். இரண்டையும் ஒரே தட்டில் அருகருகே வைத்து எடுத்தால், ஏன் விலை வேறு என்று நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

இலவசத்திலும் கணக்குப் பாருங்கள்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வணிகர் பார்த்துத்தான் ஆக வேண்டும். வகுப்பின் முடிவில் 'இன்று மட்டும் தள்ளுபடி' என்று முழுப் பாடத்தையும் விற்பார்கள். கேமரா நிறுவனம் செலவேற்றால், அதன் கேமராவே சிறந்ததென்று பேச்சில் வரும். நம் தேவைக்குக் கையிலிருக்கும் கைபேசியே போதும் என்பதை மறவாதீர்கள். இலவசம் என்று சொல்லிவிட்டு, தொடக்கத்திலேயே கார்டு எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே வெளியேறுங்கள். நேரமும் ஒரு முதல்தான். ஐந்து வகுப்பைப் பாதியில் விடுவதைவிட, ஒன்றை முழுதும் கேட்டு, மறுநாளே பத்துப் பொருளைப் படம் எடுப்பவருக்கே லாபம்.

படமும் ஒரு வாக்குறுதி

திறமை வந்ததும் ஒரு ஆசையும் வரும்: இருப்பதைவிட அழகாகக் காட்டலாம் என்று. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, இணையச் சந்தை மூலம் விற்பவரின் விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால், திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், படத்தில் பெரிய பருப்பைக் காட்டி, பையில் சின்னப் பருப்பைப் போட்ட கடைக்கு அந்தத் தெருவில் மறுபடி யார் வருவார்கள்? நல்ல படம் என்பது உள்ளதை உள்ளபடி தெளிவாகக் காட்டுவதே. இணையத்தில் கிடைத்த பிறர் படத்தை எடுத்து ஒட்டுவதும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி தவறு.

ஸ்டுடியோக்காரரை மறக்க வேண்டாம்

நாமே எடுக்கக் கற்றுக்கொண்டால், நம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் என்ன ஆவார்? இந்தக் கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். பெரிய நிறுவனங்கள் வந்து நம் வியாபாரத்தைப் பறிப்பதாக நாம் வருந்துகிறோம். நாம் மற்றொரு சிறு வணிகரின் பிழைப்பைப் பறிப்பவராக ஆகக் கூடாது. தினமும் மாறும் விலைப் பட்டியலுக்கான படத்தை நாமே எடுக்கலாம். அதற்கு நாம் ஒருபோதும் அவரிடம் போனதில்லை. ஆனால் பெயர்ப்பலகை, உறை அச்சு, தீபாவளி விளம்பரம் இவற்றுக்கு அவர் கையே வேண்டும். வகுப்பில் கற்றவருக்குத்தான் அவர் வேலையின் அருமை புரியும்; என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும் தெரியும். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்பதையும் நினைவில் வைத்து, முன்கூட்டியே இருவரும் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

நம் சங்கங்கள் இதில் முன்வரலாம். வார விடுமுறை நாளில் சங்கக் கட்டடத்தில் ஒரு திரையைக் கட்டி, ஒரு வகுப்பை எல்லோருமாகப் பார்த்து, உள்ளூர் ஸ்டுடியோக்காரரையே அழைத்துத் தமிழில் விளக்கச் சொல்லலாம். ஆங்கிலம் தெரியாத உறுப்பினரும் பயன் பெறுவார். ஸ்டுடியோக்காரருக்கும் ஒரு வருமானமும் மரியாதையும் கிடைக்கும். கல்லாவில் உட்காரும் பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்து வாருங்கள். பெரும்பாலும் கைபேசியைத் திறம்படக் கையாள்பவர்கள் அவர்களே.

நல்ல சரக்கை வாங்கி வைக்க நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை உள்ளபடி காட்டக் கற்பதே இப்போது மீதமுள்ள வேலை.