வயிற்றுப் புண்ணும் வசப்படாத கிருமியும்

தறியில் அமர்ந்தவர் நேரத்திற்கு உண்பதில்லை. ஆகவே வயிற்றுப் புண் வருகிறது என்றே செம்பட்டி, சின்னாளபட்டி வட்டாரத்தில் நாம் கருதி வந்தோம். ஆனால் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் பட்டினியன்று. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும், வலி மாத்திரைகளுமே. இக்கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-ல் நோபல் பரிசு பெற்றனர்.

கிருமியைக் கொல்ல மருந்துகள் உண்டு. எனினும் அது பெருகும்போது மரபணுவில் சிறு பிழைகள் நேர்கின்றன. அப்பிழையால் ஒரு கிருமி மருந்துக்குத் தப்புமாயின், மற்றவை மடிய, அதுவே பெருகுகிறது. சென்னை, ஐதராபாத், லக்னோ முதலிய இடங்களின் 259 மாதிரிகளை ஆராய்ந்து 2003-ல் வெளியான அறிக்கையின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 78 மெட்ரோனிடசோலுக்கும், 45 கிளாரித்ரோமைசினுக்கும் அடங்கவில்லை. இடத்துக்கு இடம் அளவும் வேறுபட்டது. மெட்ரோனிடசோல், வயிற்றுப்போக்குக்கு நம்மவர் கடையில் தாமே கேட்டு வாங்கும் மாத்திரைதான்!

ஆகையால் அங்கத்தினர்கள் மருத்துவரைக் கேளாது மருந்து வாங்கலாகாது. அவர் குறித்த நாள் முழுதும் உண்ணவேண்டும். மலம் கருத்தாலோ, இரத்த வாந்தி கண்டாலோ உடனே மருத்துவமனை செல்லவேண்டும். பாவில் ஓரிழை அறுந்தால் முடியாமல் மேலே நெய்வோமா? மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் அத்தகையதே.