ஆளறிந்து கொல்லும் வைரஸ்

தண்டுவடம் அடிபட்டவரின் சக்கர நாற்காலி நம் கண்ணில் படுகிறது; சிறுநீர்ப்பை படுத்தும் பாடு படுவதில்லை. மூளைக்கும் பைக்கும் நடுவே நரம்புத் தொடர்பு அறுந்துபோவதால் பை தானாக முழுவதும் காலியாகாது. பலர் ஒரு நாளில் நாலைந்து முறை கதீட்டர் செலுத்தித்தான் சிறுநீரை வெளியேற்றுகிறார்கள். அந்தக் குழாயோடு கிருமியும் உள்ளே போகிறது. தொற்று வந்தாலும் பலருக்கு எரிச்சல் தெரியாது. சிறுநீர் கலங்கும், காய்ச்சல் வரும், கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுக்கும். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு எகிறவும் கூடும்.

ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக்தான் கைகொடுக்கிறது. ஆனால் எடுக்க எடுக்க, அதற்கு அடங்காத கிருமிகளே மிஞ்சுகின்றன. போதாக்குறைக்கு, நிரந்தரமாக வைத்த கதீட்டரின் சுவரில் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலம் கட்டி அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. மருந்து அங்கே எளிதில் எட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்கள் ஃபேஜ் பக்கம் திரும்புகிறார்கள். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ் இது. 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் தெரெல் இதற்குப் பெயர் வைத்தார். 1923-இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் எழுந்தது. பெனிசிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜை ஓரங்கட்டின; ஜார்ஜியா விடவில்லை.

ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற ஃபேஜை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பட்டை தீட்டிய தலை, கீழே வால், வாலடியில் ஆறு மெல்லிய கால்கள். கால்கள் பாக்டீரியாவின் மேல்தோலைத் தடவிப் பார்க்கும். தனக்குரிய பிடிப்பு கிடைத்தால் வால் சுருங்கி, தலையிலுள்ள டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். அரை மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட புது ஃபேஜ்கள் வெளியே வரும். சில வகை ஃபேஜ்கள், கிருமி கட்டிய படலத்தையே கரைக்கும் நொதிகளையும் வைத்திருக்கின்றன.

இப்படி ஆளறிந்து தாக்குவதால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் தப்பிக்கின்றன. சிக்கலும் அதனால்தான். கதீட்டர் வைத்தவரின் பையில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்று பல கிருமிகள் சேர்ந்தே குடியிருக்கலாம். ஒரே இனத்திலும் ஒரு ரகத்தைக் கொல்லும் ஃபேஜ் இன்னொன்றைத் தொடாது. எனவே நோயாளியின் கிருமியை வளர்த்து, அதற்குப் பொருந்தும் ஃபேஜ்களைத் தேடிக் கலக்க வேண்டியிருக்கிறது.

பலன் எப்படி? புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்கு வந்த, சிறுநீர்த் தொற்றுள்ள ஆண்களிடம் திபிலிசியில் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் லான்செட் குழும இதழில் வெளியானது. ஃபேஜ் கரைசலைப் பைக்குள் செலுத்தியதில் 18 சதவீதம் பேருக்குக் கிருமி அடங்கியது. வெறும் கரைசலில் 28, ஆன்டிபயாடிக்கில் 35 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இவற்றுக்கிடையே உறுதியான வித்தியாசம் இல்லை. பக்கவிளைவு ஃபேஜால் கூடவில்லை. ஆனால் வெறும் கரைசலை அது வெல்லவும் இல்லை.

ஆகவே ஃபேஜ் இன்றைக்கு நம்பிக்கை தரும் ஆராய்ச்சி. கைகண்ட மருந்து அல்ல. அது மருந்தாகும்வரை தண்டுவடம் பாதித்தவர்கள் செய்யக்கூடியது இரண்டு: கதீட்டரைச் சுத்தமாகக் கையாளுங்கள், அறிகுறி ஏதும் இல்லாதபோது, பரிசோதனைச் சீட்டில் கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.