ஒரு லட்சம் திருகைப் பாட்டு... விவசாயப் பெண்கள் சொன்ன வரலாறு!

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் ‘ரேடியோ நெல்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். 1960-களில் ஆடுதுறை-27 ரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி தொடர்ந்து சொல்ல, அதைக் கேட்டு விதைத்தவர்கள் ரகத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வானொலியின் வலிமைக்கு இது நல்ல உதாரணம்தான். ஆனால், பெரும்பாலும் அதிகாரி பேசுவார், விவசாயி கேட்பார். விவசாயி பேசி மற்றவர்கள் கேட்டது அபூர்வம். அதிலும் விவசாயப் பெண் பேசியது இன்னும் அபூர்வம்.

அந்தப் பெண்களின் குரலைத் தேடிப்போய்ப் பதிவு செய்த வேலை ஒன்று மகாராஷ்டிரத்தில் நடந்திருக்கிறது.

இருட்டில் பிறந்த பாட்டு

திருகைக்கு மராத்தியில் ‘ஜாத்தே’ என்று பெயர். கம்போ, சோளமோ, அன்றன்றைய ரொட்டிக்கு அன்றன்றே மாவு அரைத்தாக வேண்டும். அதனால், விடிவதற்கு முன்பே பெண்கள் எழுந்துவிடுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கைப்பிடியைச் சுற்றுவார்கள். கல் சுற்றச் சுற்ற, இரண்டிரண்டு அடியாகப் பாட்டு வரும். இதற்கு ‘ஓவி’ என்று பெயர். 13-ம் நூற்றாண்டில் ஞானேஸ்வரர் கீதைக்கு மராத்தியில் உரை செய்தபோது எடுத்துக்கொண்ட யாப்புக்கும் இதே பெயர்தான்.

பண்டரிபுரத்து விட்டலன் அந்தப் பாட்டில் வருவான். பிறந்த வீட்டு ஏக்கம் வரும், பார்க்க வராத அண்ணன் மீதான வருத்தம் வரும், மாமியாரின் ஏச்சும் வரும். பகலில் வாய் திறந்து சொல்ல முடியாததையெல்லாம் கல்லின் சத்தத்துக்குள் வைத்துப் பாடினார்கள். வீட்டு ஆண்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் என்பதும் ஒரு வசதி!

புனேவைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கரும், பிரான்ஸிலிருந்து வந்து இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்ட கீ புவாத்வானும் 1980-களில் இந்தப் பாடல்களைத் திரட்டத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களே சேகரிப்பாளர்களாகவும் ஆனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாடல்கள் சேர்ந்தன. யார் பாடியது, எந்த ஊர் என்ற விவரத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். ‘நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடவில்லை. இந்த வேலையில் மிகப் பெரிய விஷயம் இதுதான்.

1990-களில் பெர்னார் பெல் என்ற இசை ஆய்வாளர் சேர்ந்த பிறகு, ஒலிப்பதிவு முறையாக நடந்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் குரல்கள் பதிவாயின. 1996-ல் பீட் மாவட்டம் மாஜல்காவில் தலித் பெண்கள் அம்பேத்கரைப் பற்றிப் பாடியதும் அதில் அடக்கம். தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பாடுவதுபோலப் பாடியிருக்கிறார்கள்.

ஆனால், கணக்குப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பாட்டு இருந்தும், குரலாகக் கிடைத்தது சில ஆயிரம்தான். மற்றவையெல்லாம் எழுத்தாக மட்டுமே உள்ளன. ஊருக்கு ஊர் மாவு மில் வந்ததும் திருகை மூலைக்குப் போய்விட்டது. பெண்களின் முதுகுவலி குறைந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பாடுவதற்கான வேளையும் கூடவே போய்விட்டது. புவாத்வான் 2004-லும் ராய்ர்கர் 2010-லும் காலமானார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ ஆவணக் காப்பகம் இந்தச் சேகரிப்பை ஏற்று, 2017 முதல் வெளியிட்டு வருகிறது. அந்தக் குழுவினர் பழைய ஊர்களுக்கு மறுபடி போனபோது, பாடியவர்களில் சிலர் உயிரோடு இல்லை. இருந்தவர்கள் திரும்பவும் பாடினார்கள்.

தெலங்கானாவில், ஜஹீராபாத் அருகே மாச்னூர் கிராமத்தில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். 2008 அக்டோபர் 15-ம் தேதி தொடங்கிய ‘சங்கம் ரேடியோ’வை நடத்துபவர்கள் தலித் விவசாயப் பெண்கள். சிறுதானியம், விதை, மருத்துவம், பாட்டு எல்லாவற்றையும் அவர்களே அவர்கள் ஊர்த் தெலுங்கில் பேசுகிறார்கள்.

உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம்

நம்மூரில் ஏற்றம் இறைத்தவர்கள் பாடிய பாட்டை, பம்ப்செட் வந்த பிறகு பிறந்தவர்கள் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. நடவுப் பாட்டு தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பதிவு செய்ய, கையில் உள்ள செல்போனே போதும்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். போனை ‘ஏரோப்ளேன் மோடு’க்கு மாற்றி, பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில், துணி மடித்து அதன்மேல் வையுங்கள். தேதி, ஊர், பேசுபவர் பெயர், வயது ஆகியவற்றை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்கும்போது, அந்த அரை நிமிடம்தான் கைகொடுக்கும்.

‘அந்தக் காலத்தில் விவசாயம் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பதோடு முடிந்துவிடும். ‘முதல் மோட்டார் நம்ம கிணற்றில் இறங்கிய அன்று என்ன நடந்தது?’, ‘நடவுக்கு என்ன கூலி, நெல்லாகவா காசாகவா?’ என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டிருப்பவர் சற்று நிறுத்தினால், அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலும் முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் வரும். பாட்டியிடம் கேட்கும்போது தாத்தா குறுக்கே புகுந்து பதில் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

நிலத்தகராறு, சாதி, குடும்ப விஷயம் வந்தால், யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்பதை அவர்களிடமே கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதிவு செய்தால் ஒலியின் தரம் குறையும். போனில் உள்ள ரெக்கார்டரில் பதிவு செய்து, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி பென்டிரைவிலும், இன்னொன்று வேறொருவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.