றூற்றரும் வழிகாட்டி வளையமும்

மரவேலைக்குரிய மின்கருவிகளுள் றூற்றர் எனப்படுவது, சுழலும் வெட்டலகு ஒன்றினால் மரத்திற் பள்ளமும் விளிம்புருவும் அகழ்வது. உளிகொண்டு நெடுநேரஞ் செய்யும் வேலையை அது விரைவிற் செய்யும். ஆயினும் எங்கே வெட்டுதல் வேண்டுமென்பதை அஃது அறியாது. நிமிடத்துக்கு 20,000 தடவை வரை சுழலும் அலகைக் கையால் மட்டும் கோடு பிசகாது செலுத்துதல் அரிது. ஆதலின் வேண்டிய உருவை மெல்லிய பலகையொன்றில் வெட்டி, அவ்வச்சுப்பலகையை மரத்தின்மேல் இறுக்கி, அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கருவி செல்லுமாறு அமைப்பர். அங்ஙனம் தொட்டுச் செல்லும் உறுப்பே வழிகாட்டி வளையம். கருவியின் அடித்தட்டுத் துளையிற் பொருத்தப்படும் குறுகிய உலோகக் குழாய் அது. அலகு அதனூடே கீழிறங்கும்.

வளையம் அலகினும் பெரிதாகையால், வெட்டு அச்சுப்பலகையின் விளிம்பிலேயே விழாது. சற்று விலகியே விழும். வளையத்தின் புறவிட்டத்திலிருந்து அலகின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் அவ்விலகல் கிடைக்கும். பிரித்தானியாவிற் சமையலறை மேற்பலகைகளை மூலையில் இணைத்தற்கு வழங்கும் அச்சுப்பலகைகள் பெரும்பாலும் 30 மி.மீ. வளையத்துக்கும் 12.7 மி.மீ. அலகுக்கும் ஏற்றவை, அங்கே விலகல் 8.65 மி.மீ. அதே சோடியைக்கொண்டு கதவுப் பிணைச்சலுக்கு 100 மி.மீ. நீளப் பள்ளம் வெட்ட விரும்புவோர், அச்சுப்பலகையின் திறப்பை 117.3 மி.மீ. ஆக அமைத்தல் வேண்டும். இக்கணக்கை மறந்து வெட்டிய கதவு வீணாவது திண்ணம்.

பதிப்பு வேலையில் இவ்விலகலே கைகொடுக்கிறது. அதற்கென விற்கப்படும் தொகுதியில் 1/8 அங்குல அலகும், 5/16 அங்குல வளையமும், வளையத்தின்மேல் மாட்டிக் கழற்றத்தக்க 9/16 அங்குலப் பட்டையும் உள. பட்டையோடு ஓட்டினாற் பள்ளத்தின் எல்லை திறப்பின் விளிம்பிலிருந்து 7/32 அங்குலம் உள்ளே அமையும். பட்டையைக் கழற்றி, அதே திறப்பினாற் பதிக்கும் துண்டை வெட்டும்போது, அலகின் வெளிப்புறம் 3/32 அங்குலத்திலும், உட்புறம் 7/32 அங்குலத்திலும் செல்லும். ஆகவே துண்டு பள்ளத்தில் இறுக அமரும். பட்டையின் தடிப்பு அலகின் விட்டத்துக்குச் சமனாயிருப்பதே இதற்குக் காரணம். திறப்பின் மூலைகள் மட்டும் 9/32 அங்குல ஆரத்துக்குக் குறையாது வளைந்திருத்தல் வேண்டும். கூரிய மூலையிற் சிறிய வளையம் நுழையுமிடத்துப் பெரிய பட்டை நுழையாது.

வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியது அடித்தட்டின் துளையை. 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய போட்டர் கேபிள் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் அளவு பலராலும் ஏற்கப்பட்டது: 1 3/16 அங்குலத் துளை, அதைச் சூழ 1 3/8 அங்குலப் படி. வேறு நிறுவனங்கள் சில தத்தமக்கே உரிய அளவைக் கொண்டிருத்தலின், இடைத்தட்டு ஒன்று தேவைப்படலாம். வளையத்தின் கழுத்து அச்சுப்பலகையின் தடிப்பினும் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். இன்றேல் அது மரத்தில் முட்டும். அலகுக்கும் வளையத்தின் உட்சுவருக்குமிடையே மரத்தூள் வெளியேற இடமும் வேண்டும். பித்தளை வளையம் உருக்கினும் மென்மையானது; தவறி அலகு பட்டாலும் அலகின் கூருக்குக் கேடு குறைவு. அதிர்வினால் இறுக்கு வளையம் தளர்வதுண்டு. அதனை இடையிடையே நோக்குதல் நன்று.

பத்து வளையங்கொண்ட பெட்டியிலும், இரண்டு வளையமும் ஒரு மையக் கூம்பும் பெரும் பயன் தரும். அலகு பூட்டும் கொலெற்றிற் கூம்பைப் பூட்டி, அடித்தட்டின் ஆணிகளைத் தளர்த்தி, கூம்பு வளையத்திற் படியுமாறு தாழ்த்தி ஆணிகளை மீண்டும் இறுக்கினால், அலகும் வளையமும் ஒரே மையத்தில் நிற்கும். மையம் விலகியிருப்பின், கருவி திரும்புந்தோறும் விலகல் மாறும்; நேரான அச்சுப்பலகையும் நெளிந்த வெட்டையே தரும். கூம்பு இல்லாதார் கைப்பிடியைத் தொடக்கமுதல் முடிவுவரை ஒரே திசையில் வைத்து ஓட்டுதல் வேண்டும்.

புறாவால் மூட்டுக்குரிய அச்சுக்கருவிகள் பலவற்றில் 7/16 அங்குல வளையமும், அடி அகன்ற 1/2 அங்குல அலகும் வழங்குகின்றன. அலகு வளையத்தினும் அகன்றதாகையால், வளையத்தைப் பொருத்திய பின்னரே அதனைக் கீழிருந்து செருகுதல் இயலும். சுழலும்போது கருவியை மேலே தூக்கினால் அச்சுக்கருவியின் பற்களும் வேலையும் ஒருங்கே சிதையும், கைக்கும் ஆபத்து. கருவியை மட்டமாகவே வெளியே இழுத்து, அலகு முற்றாக நின்றபின் தூக்குதல் வேண்டும்.